பத்தரை மணி வரை

எங்கள் ஊர் பழைய பஸ் ஸ்டாண்டை இந்தத் தை மாதம் இடித்துவிட்டார்கள். பொக்லைன் இரண்டு வந்தது. ஒன்றரை நாளில் வேலை முடிந்தது. கட்டுவதற்கு இரண்டு வருடம் ஆனதாக அப்பா சொல்வார்.

அதற்கு முன்னால் அந்த இடம் மாட்டுச் சந்தை. சந்தை கூடாத நாளில் மூன்று புளியமரத்தடியில் பஸ்கள் நிற்கும். சேலம் போவதற்கு ஒரு மரம், நாமக்கல் போவதற்கு ஒன்று, மேட்டூர் போவதற்கு ஒன்று. பிறகு மரங்களை வெட்டிவிட்டுக் கூரை போட்டார்கள். பன்னிரண்டு தூண், நடுவில் பெரிய கடிகாரம். கட்டடம் வந்த பிறகும் ஆட்கள் மரத்தைச் சொல்லித்தான் ஏறினார்கள். "மேட்டூர் மரத்துக்கிட்ட நில்லு, வாரேன்" என்பார்கள். அங்கே மரம் இருக்காது. தூண்தான் இருக்கும்.

ஊர் பெருத்தது. லாரி பெருத்தது. பஸ் உள்ளே வந்து திரும்ப இடமில்லாமல் போனது. சேலம் ரோட்டில் மூன்று கிலோமீட்டர் தள்ளிப் புது ஸ்டாண்டு கட்டினார்கள். பழையது மூடின அன்று எனக்கு ஒன்பது வயது. நானும் அப்பாவும் அன்று காலை பழைய ஸ்டாண்டில்தான் நின்றோம்.

அப்பா டிப்பர் லாரி ஓட்டினார். புது ஸ்டாண்டுக்கு ஜல்லி முழுக்க அவர் வண்டியில்தான் போனது. பள்ளிக்கூடம் லீவு விட்டால் என்னையும் ஏற்றிக்கொள்வார். ஜல்லி சரியும்போது நான் காதைப் பொத்திக்கொள்வேன்.

புது ஸ்டாண்டின் திறப்பு விழா மூன்று தடவை தள்ளிப்போனது. வாழைமரம் கட்டுவார்கள். அது காயும். அவிழ்ப்பார்கள். நாலாவது தடவை நாள் குறித்தபோது யாரும் நம்பவில்லை. டவுனுக்கு வெளியே இருந்த எங்கள் கிராமத்துக்கு அந்தச் சேதி வரவும் இல்லை.

அதே வெள்ளிக்கிழமையில்தான் அத்தையைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது.

அத்தை அப்பாவின் தங்கை. எங்களோடு இருந்தாள். தறிக்குடோனுக்கு நூல் தார் சுற்றப் போவாள். நிறையப் பேசுவாள். இடுப்பில் காய்ந்த சுரைக்காயைக் கட்டிவிட்டு எனக்குக் கிணற்றில் நீச்சல் பழக்கினது அவள்தான்.

மாப்பிள்ளை மேட்டூர்ப் பக்கம். ரிக் வண்டி வைத்துத் தண்ணீருக்கு போர் போடுகிறவர். பெரியப்பா அவரிடம் வேலை பார்த்தார். பெரியப்பாதான் இந்த இடத்தைப் பேசினார். அத்தை இரண்டாம் தாரம். முதல் சம்சாரம் கிணற்றில் தவறி விழுந்து இறந்ததாகச் சொன்னார்கள். ஆற்றங்கரையில் பிறந்து வளர்ந்த பெண்ணாம். அம்மா பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டேன்.

அத்தை எனக்குத் தலை சீவிக்கொண்டிருந்தபோது கேட்டேன்.

"ஆத்தங்கரைப் புள்ளைக்கு நீச்சல் தெரியுமல்ல அத்தை? அப்புறம் எப்படி முழுகுவாங்க?"

சீப்பு பாதித் தலையில் நின்றது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் இறங்கியது.  அந்த வாரம் முழுக்க அவள் பேசினது குறைவு.

தாத்தா போன பிறகு வீட்டில் பெரியப்பா வைத்ததுதான் சட்டம். அவர் எதிரில் அப்பா உட்காரமாட்டார். ஒரு தடவை மட்டும் கேட்டுப் பார்த்தார்.

"அண்ணா, இன்னும் ரெண்டு எடம் பாக்கலாமுங்களா?"

"உன்னக் கேட்டா பேச்ச ஆரம்பிச்சேன்? போய் வேலயப் பாருடா."

அவ்வளவுதான். அப்பா வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

எங்கள் வகையறாவில் ஒரு வழக்கம். முதல் தடவை பெண் பார்க்க வருகிறவர்கள் ஊர் கண்ணில் படாமல் பஸ்ஸில்தான் வருவார்கள். தாங்களாக வீடு தேடி வரமாட்டார்கள். பெண்ணின் அப்பனோ அண்ணனோ ஸ்டாண்டில் நின்று அழைத்துவர வேண்டும். கூட ஒரு பெண்பிள்ளை பூவோடு எதிரில் வர வேண்டும். அழைக்க ஆள் இல்லாவிட்டால் அப்படியே திரும்பிவிடுவார்கள். அதற்கப்புறம் அந்தப் பேச்சு கிடையாது.

பெரியப்பா வீட்டில் இருந்து பந்தி பார்க்க வேண்டும் என்றார். அழைக்கிற வேலை அப்பாவுக்கு வந்தது. பூக்கூடை எனக்கு.

"ஒம்பது மணி மேட்டூர் பஸ்ஸு. பத்தரைக்கு ராகு காலம். அதுக்குள்ள கூட்டியாந்துரு. இதையாவது உருப்படியாச் செய்" என்றார் பெரியப்பா.

"சரிங்கண்ணா."

பட்டுப்பாவாடை கட்டி சைக்கிள் பாரில் உட்கார்ந்தேன். மடியில் மல்லிகைப்பூ. அப்பா அன்று மெதுவாக மிதித்தார்.

எட்டே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தோம். ஸ்டாண்டில் ஒரு பஸ் இல்லை. பழக்கடை இல்லை. வெள்ளரிப்பிஞ்சு விற்கிற ஆள் இல்லை. சேலம் பஸ் நிற்கிற இடத்தில் இரண்டு நாய்கள் நடுவில் படுத்திருந்தன. அதுவரை அந்த இடத்தில் நாய் படுத்து நான் பார்த்ததில்லை. டீக்கடைக்காரர் மட்டும் பெஞ்சைக் கவிழ்த்துக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார்.

அப்பா சைக்கிளை மேட்டூர் மரத் தூணில் சாய்த்தார். பக்கத்தில் நின்றார்.

டீக்கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

"ஏனுங்க டிரைவரே, யாருக்கு நிக்கறீங்க?"

"மேட்டூர் பஸ்ஸுக்கு."

"காலையில ஆறு மணியிலிருந்து எல்லாம் புது ஸ்டாண்டுங்க. இந்தத் தடவ நெசமாவே தொறந்துட்டாங்க."

"அப்படியா."

"என்ன நோப்பாளமுங்க இது! நீங்க கொட்டுன ஜல்லி மேல அங்க பஸ்ஸு நிக்குது. நீங்க இங்க வந்து நிக்கறீங்க!"

அவர் சிரித்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. அப்பா சிரிக்கவில்லை.

"டீ இருக்குங்களா?"

"கடைசி டீ. சக்கரை தீந்துபோச்சு."

"பரவால்ல."

அப்பா சர்க்கரையில்லாத டீயை வாங்கி ஊதி ஊதிக் குடித்தார். அவர் எப்போதும் மூன்று மடக்கில் டீயை முடிக்கிற ஆள். லாரிக்காரர்கள் எல்லாரும் அப்படித்தான். அன்று அந்தக் கிளாஸ் காலியாகவே இல்லை.

நான் பாவாடையைப் பிடித்துக்கொண்டு ஒரு காலில் நின்றேன். மறு காலில் நின்றேன்.

"போலாமுங்கப்பா. புது ஸ்டாண்டுக்குப் போலாமுங்க. கால் மணிதான் ஆகும்."

"இரு சாமி. இங்கதான் சொல்லியிருக்கு."

"பஸ்ஸு இங்க வராதாமுங்கப்பா."

"வந்தாலும் வரும்."

ஒன்பது அடித்தது. அந்தக் கடிகாரம் மணி அடிக்கும். ஒன்பதேகால் ஆனது. நான் ரோட்டு வரை ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். லாரிகள் போயின. பஸ்கள் கூடப் போயின. எதுவும் உள்ளே திரும்பவில்லை. எங்களைப் பார்த்து ஒரு கண்டக்டர் கையை ஆட்டி அங்கே போ என்று காட்டினார். நான் ஓடிவந்து அதையும் அப்பாவிடம் சொன்னேன்.

"ம்" என்றார்.

ஒன்பதரைக்கு ஏணியோடு ஒரு ஆள் வந்தார். கடிகாரத்துக்குக் கீழே ஏணியைச் சாத்தினார். அப்பா அப்போதுதான் தூணை விட்டு நகர்ந்தார்.

"என்ன பண்றீங்க?"

"கழட்டிட்டுப் போய் அங்க மாட்டச் சொல்லியிருக்காங்க."

"சித்த நேரம் பொறுத்துக் கழட்டுங்க. பத்தரைக்குக் கழட்டுங்க."

அந்த ஆள் ஏணியில் இரண்டு படி ஏறினவர் திரும்பிப் பார்த்தார்.

"பஸ்ஸே இல்லாத எடத்துல உங்களுக்கு மணி எதுக்குங்க?"

"கைக்கடியாரம் இல்ல. பாக்கோணும்."

அவர் என்ன நினைத்தாரோ, இறங்கிவிட்டார். ஏணியடியில் உட்கார்ந்து பீடி பற்ற வைத்தார். எனக்கு அழுகை வந்தது. பெரியப்பா வீட்டு வாசலில் நின்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். அம்மா கேசரி கிண்டி வைத்திருப்பாள். அத்தை புடவை கட்டி உட்கார்ந்திருப்பாள். என் மடியில் இருந்த பூ வாடத் தொடங்கிவிட்டது. அப்பாவுக்கு இதெல்லாம் ஏன் தெரியவில்லை என்று கோபமாக வந்தது.

பத்து அடிக்கிறபோது ஒரு ஆட்டோ வந்து நின்றது. எங்கள் ஊர்க்காரருடைய ஆட்டோ. அவர் இறங்காமல் தலையை மட்டும் நீட்டினார்.

"அண்ணா! இங்க என்ன பண்றீங்க? புது ஸ்டாண்டுல அஞ்சு பேரு வெள்ள வேட்டியோட நிக்கறாங்க, கூட ஒரு வயசான பெரியம்மா. நம்மூரு பேரச் சொல்லி விசாரிக்கறாங்க. உங்க ஊட்டுக்குத்தானே?"

"இருக்கும்."

"நான் கூப்புட்டுப் பாத்தேனுங்க. பொண்ணோட அண்ணன் வந்தாத்தான் வருவோம்ங்கறாங்க. அந்தப் பெரியம்மா மூஞ்சியே சரியில்ல. ஏறுங்க, ஓடிப் போயிரலாம்."

நான் கூடையோடு ஆட்டோவுக்குள் ஏறிவிட்டேன். அப்பா என்னைத் தூக்கிக் கீழே இறக்கினார்.

"நீ முன்னால போ. அவியள நிக்கச் சொல்லு. நான் பின்னாலயே சைக்கிள்ல வாரேன்."

"சைக்கிள் எதுக்குங்கண்ணா?"

"போ, போ. நிக்கச் சொல்லு."

ஆட்டோ போனது. எனக்கு உயிர் வந்தது. பாரில் ஏற ஓடினேன். அப்பா சைக்கிள் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். புஸ்ஸென்று சத்தம் வந்தது. எழுந்தார்.

"காத்து போச்சு சாமி."

"பஞ்சருங்களா?"

"அப்படித்தான் இருக்கு."

அதற்குமேல் என்னால் நிற்க முடியவில்லை. கூடையைத் தூக்கிக்கொண்டு சேலம் ரோட்டில் ஓடினேன். நானே போய் அழைத்துவந்துவிடலாம் என்று நினைத்தேன். பூ என்னிடம்தானே இருந்தது. வழி தெரியும். ஜல்லி லாரியில் எத்தனை தடவை போயிருக்கிறேன். பெட்ரோல் பங்க் தாண்டுவதற்குள் அப்பா வந்து பிடித்துவிட்டார். திட்டவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்துத் திரும்ப நடத்திக் கூட்டிவந்தார். தூணடியில் உட்கார்ந்தார். என்னையும் உட்கார வைத்தார். மணிக்கட்டை விடவில்லை. அவர் கை வியர்வையில் நனைந்திருந்தது.    டீயில் சர்க்கரை இல்லாததால் மயக்கம் வருகிறதோ என்று நினைத்தேன்.

இரண்டு பேரும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கீழே பீடிக்காரரும் பார்த்துக்கொண்டிருந்தார். முள் நகரவே இல்லை. பிறகு நகர்ந்தது. பத்து இருபது. பத்து இருபத்தைந்து. நாய்கள் இடம் மாறிப் படுத்தன.

பத்தரைக்கு ஒற்றை மணி அடித்தது. அப்பா என் கையை விட்டார். மணிக்கட்டில் அவர் விரல் பட்ட இடம் சிவந்திருந்தது.

"கழட்டிக்குங்க" என்று அந்த ஆளிடம் சொன்னார்.

சைக்கிளை உருட்டிக்கொண்டு மூலையில் இருந்த பஞ்சர் கடைக்குப் போனோம். அவரும் கடையைக் காலி செய்துகொண்டிருந்தார். டயரைச் சுற்றிப் பார்த்தார்.

"பஞ்சரெல்லாம் இல்லீங்க. காத்தடிக்கற வால்டியூப்புதான் கழண்டிருக்குது. பசங்க எவனாச்சும் புடுங்கி உட்டிருப்பான்."

"இருக்கும்."

காற்றடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தோம்.

வாசலில் பெரியப்பா. எங்கள் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்தார். யாரும் வரவில்லை. அப்பா தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். பழைய ஸ்டாண்டில் நின்றது, புது ஸ்டாண்டு திறந்தது, டயரில் காற்று இறங்கியது.

"பஸ்ஸு வராத ஸ்டாண்டுல பஸ்ஸுக்கு நின்னவன் நாட்டுலயே நீ ஒருத்தன்தான்டா! ஜல்லி அடிச்சது நீயி! தொறக்கறது உனக்குத் தெரியாதா?"

"மூணு தடவ தள்ளிப்போட்டாங்கல்லங்கண்ணா. இன்னிக்கும் தொறக்க மாட்டாங்கன்னு இருந்துட்டேன்."

எனக்கு என் பங்கைச் சொல்ல வேண்டும் போல இருந்தது. தப்பு என்மேல் இல்லை என்று தெரிய வேண்டும்.

"டீக்கடைக்காரர் சொன்னாருங்க பெரியப்பா. ஆட்டோக்காரரும் சொன்னாருங்க. அப்பாதான் வரல. டயருகூட பஞ்சர் இல்லையாம். வால்டியூப்பு..."

அம்மா எங்கிருந்தோ வந்து என் வாயில் ஒரு கை கேசரியை அடைத்தாள். சூடு. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"அந்த மனுசனுக்கு எந்தக் காலத்துல வெவரம் இருந்துச்சு!" என்று சத்தம் போட்டாள். "இவர நம்பி அனுப்புனீங்க பாருங்க மாமா, உங்களச் சொல்லோணும்! சைக்கிளுக்குக் காத்தடிக்கத் தெரியாத ஆளு லாரி ஓட்டறாராம் லாரி!"

அம்மா அப்பாவை அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. என்னை உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். பெரியப்பா அப்பாவை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஆட்டோவைத் தேடிப் போனார்.

அத்தை சமையலறையிலிருந்து செம்பில் தண்ணீர் கொண்டுபோனாள்.

"தண்ணி குடிங்கண்ணா."

தண்ணீர் தளும்பி அப்பா காலில் விழுந்தது. 

பெரியப்பா போவதற்குள் அவர்கள் போய்விட்டார்கள். மறுநாள் மேட்டூருக்கே போய்க் கேட்டுப் பார்த்தார். எதிரில் ஒரு முகம் இல்லை, ராகு காலமும் பிறந்துவிட்டது, சகுனம் ஆகாது என்று அவர்களோடு வந்திருந்த அந்தப் பெரியம்மா சொல்லிவிட்டாராம்.

அன்றிலிருந்து அப்பாவுக்குப் பேர் 'பழைய ஸ்டாண்டு'. பெரியப்பா வைத்தார். ஊர் பிடித்துக்கொண்டது. எந்த விசேஷத்துக்குப் போனாலும் யாராவது ஒருவர் "என்ன பழைய ஸ்டாண்டு, பஸ்ஸு வந்துருச்சா?" என்பார். அப்பா சிரித்துக்கொள்வார். நானும் சின்ன வயதில் அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் சிநேகிதிகளிடம், எங்கப்பா ஒரு ஏமாளி என்று சொல்லியிருக்கிறேன்.

அத்தையைப் பனமரத்துப்பட்டியில் கொடுத்தார்கள். மாமன் பூந்தோட்டம் வைத்திருக்கிறார். வாரத்துக்கு இரண்டு சண்டை போட்டுக்கொள்கிறார்கள். அத்தைக்கு முழங்கால் வலி. பேரப்பிள்ளைகளுக்கு ஏரியில் நீச்சல் பழக்கினாள். இன்னும் நிறையப் பேசுகிறாள்.

எனக்குப் பதினெட்டு வயதில் மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். பதினோரு மணி பஸ். அப்பா ஒன்பதரைக்கே புது ஸ்டாண்டில் போய் நின்றார். முந்தின நாள் சாயங்காலமே ஒரு தடவை போய், பஸ் எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்த்துவிட்டு வந்திருக்கிறார். அம்மா அதைச் சொன்னபோதுதான் எனக்கு உறைத்தது. அந்தக் கேசரியின் சூடு அதற்குப் பிறகு பல நாள் நாக்கில் இருந்தது.

நான் அவரிடம் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

இந்தத் தை மாதம் இடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அப்பாவை மொபெட்டில் உட்கார வைத்துக் கூட்டிப்போனேன். மேட்டூர் மரத் தூண் அப்போது நின்றுகொண்டிருந்தது. அப்பா கொஞ்ச நேரம் பார்த்தார். பொக்லைன் அதைத் தொட்டதும் சாய்ந்துவிட்டது.

"நல்ல காரியம்தான் பண்ணுனீங்கப்பா அன்னிக்கு" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"அந்த வருசமே அந்த மேட்டூர்க்காரன் வேற எடத்துல பொண்ணு கட்டுனான். அது எந்தூருப் புள்ளையோ. பேரு கூடத் தெரியாது." பிறகு, "வண்டிய எடு" என்றார்.

அந்த வெள்ளிக்கிழமை வீட்டுக்குத் திரும்புகிற வழியில் ஒன்று நடந்தது. மேலே அதை எழுதாமல் விட்டுவிட்டேன். சேலம் ரோடு பிரிகிற இடத்தில் அப்பா சைக்கிளை நிறுத்தி ஒரு காலை ஊன்றினார். மேட்டூர் போகிற பஸ் ஒன்று எங்களைத் தாண்டிப் போனது. ஜன்னலில் வெள்ளைச் சட்டைகள் தெரிந்தன. அது வளைவில் மறைந்த பிறகும் அப்பா மிதிக்கவில்லை. அதே பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். நான் பாரில் உட்கார்ந்தபடி அவர் முகத்தை அண்ணாந்து பார்த்தேன்.

பஸ்ஸை விட்டுவிட்டோமே என்று வருத்தப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.